நடந்தால் எரிய வேண்டும்

நின்ற இடத்தில் லேசாக ஆடினால் விளக்கு எரிகிறது. ஓரடி எடுத்து வைத்தால் அணைந்துவிடுகிறது. மணி பன்னிரண்டு பத்து. இரண்டு மணிக்கு எக்ஸ்டெர்னல், மார்க் போட வெளிக் கல்லூரியிலிருந்து வருகிறவர், வந்துவிடுவார். எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள், தையல் லேபில் இப்போது நானும் பொன்மாரியும் தலையில்லாத நாலு பொம்மைகளும்தான். பொன்மாரி நிற்கிறாள். அவள் போட்டிருக்கும் கறுப்பு அனார்கலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நான் அவள் காலடியில் சிமெண்டுத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். விளிம்பைச் சுற்றி முப்பத்தாறு விளக்குகள், ஒவ்வொன்றும் மிளகு அளவு. கம்பியில்லை, எல்லாம் நூல்தான், மின்சாரம் ஓடும் சாம்பல் நிற நூல், கையில் பிடித்தால் நூல் மாதிரியும் இருக்காது கம்பி மாதிரியும் இருக்காது, ஊசியில் கோக்கும்போது ஒரு தடவைகூடச் சொன்னபடி கேட்டதில்லை. மீட்டரின் சிவப்பு முனையை ஒரு விளக்கிலும் கறுப்பு முனையை அடுத்ததிலும் வைக்கிறேன். பீப். தொடர்பு இருக்கிறது. அடுத்தது. பீப். அடுத்தது. பீப். எல்லாமே பீப் என்றால் பிறகு ஏன் அணைகிறது என்று கேட்டால் அதற்கு இந்த மீட்டரிடம் பதில் கிடையாது. "கொஞ்சம் நடந்து பாக்கலாம்" என்கிறேன். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, விளிம்பைப் பார்த்துச் சொல்கிறேன். நட என்று சொன்னால் நீ என்று சொன்னமாதிரி. நடடி என்று சொல்லியிருப்பேன், டிசம்பர் என்றால். இரண்டரை வருஷம் 'டி' இல்லாமல் ஒரு வாக்கியம் நாங்கள் பேசியதில்லை, சோறு தின்னியாடி, பஸ் ஏறிட்டியாடி, உன் ஸ்கேல எங்கடி வச்ச. இப்போது நாலு மாதமாக எங்கள் வாக்கியங்களுக்கு ஆளே இல்லை. நடக்கலாம், நிக்கலாம், திரும்பலாம். யார் நடப்பது, யார் திரும்புவது, அது அந்தரத்தில் தொங்கும். அவள் நடக்கிறாள். மூன்று அடி. விளக்குகள் ஒரு தடவை சிமிட்டிவிட்டு ஒட்டுமொத்தமாக அணைகின்றன. அவள் நின்று, அந்த அயர்ன் டேபிளைக் கையால் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்க்கிறாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. இங்கிருந்து தெரிவது அவள் கணுக்கால், கொலுசு கழற்றிய தடம், அவ்வளவுதான்.

முப்பத்தாறையும் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று. இந்த யோசனையே அவளுடையது, அதை நினைக்கக்கூடாது என்று நினைத்தால் அதுதான் முதலில் வருகிறது. போன ஆகஸ்டில் கேண்டீன் பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தில் கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டே, "நடந்தா எரியணும், நின்னா அணையணும், ஒவ்வொரு அடிக்கும் ஒண்ணொண்ணா ஓடணும்டி, நடக்குறவளுக்கே நடக்கணும்னு ஆசை வரணும்" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "எதுக்குன்னா, அழகா இருக்கும்" என்றாள். அந்தக் காரணம் எங்கள் புராஜெக்டுக்குப் பொறுப்பான ஹேமலதா மேடத்துக்குப் போதவில்லை. அழகா இருக்கும்னு எழுதினா யாரும்மா மார்க் போடுவா, சமுதாயப் பயன் வேணும், பெண்கள் பாதுகாப்புன்னு போடுங்க என்றார். அதனால் ரிப்போர்ட்டின் அட்டையில் 'இருட்டான சாலையில் நடந்து செல்லும் பெண்களுக்கான பாதுகாப்பு ஆடை' என்று தங்க எழுத்தில் இருக்கிறது, கீழே இரண்டு பெயர்கள், மேரி ஜெனோவா, பொன்மாரி, பக்கத்துப் பக்கத்தில், ஆங்கில அகர வரிசை அப்படி. விளக்குகளை ஓட வைக்கும் கம்ப்யூட்டர் கணக்கை எழுதியவள் அவள், போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, அருப்புக்கோட்டை பஸ்ஸில் நின்றுகொண்டே. தைத்தது நான். துணி வெட்டும்போது யார் அளவுக்கு வெட்டலாம் என்ற கேள்வியே வரவில்லை. மார்பு முப்பத்திரண்டு, இடுப்பு இருபத்தாறரை, தோள் பதினாலு, அவள் அளவு எனக்கு மனப்பாடம், முதல் வருஷத்திலிருந்து அளவு எடுத்துப் பழகியது ஒருவர் மேல் ஒருவர்தான். என் இடுப்பு முப்பத்தொன்று. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பதினொன்று, பன்னிரண்டு. பீப். பீப். பிறகு ஜனவரி வந்தது.

ஜனவரியை எத்தனை தடவை மடித்து வைத்தாலும் அதே இடத்தில்தான் மடங்குகிறது. கரூர் பக்கத்திலிருந்து ஒரு ஏற்றுமதி கம்பெனி ஆள் எடுக்க வந்தார்கள். எங்கள் வகுப்பில் எழுத்துத் தேர்வு தாண்டியது ஐந்து பேர், அதில் நாங்கள் இரண்டு பேர். நேர்முகம் முடிந்து நான் வராந்தாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். நேர்முகம் எடுத்த நீலச் சட்டைக்காரர் வெளியே போனில் பேசிவிட்டுத் திரும்பும்போது என்னைப் பார்த்து நின்றார். "ஏம்மா, அந்த ஒல்லியா இருந்த பொண்ணு உன் ஃப்ரெண்டுதானே. நல்லா பண்ணியிருக்கு. வேலைக்கு வந்தா நிலைச்சு நிக்குமா?" என்று சும்மா கேட்கிறமாதிரிதான் கேட்டார். அவர் கையில் இன்னும் டீ கப் இருந்தது. நான் சொன்னேன், "வீட்ல மாப்பிள்ளை பாக்குறாங்க சார்." அவ்வளவுதான். நாலு வார்த்தை. பொய் இல்லை. அவள் அப்பா பார்க்க ஆரம்பித்திருந்தார், பொங்கலுக்கு முன்னால் அவளே என்னிடம் சொன்னாள். சொன்னது அது மட்டும் இல்லை. "வேலைன்னு ஒண்ணு கையில இருந்தா ரெண்டு வருஷம் தள்ளிப் போடலாம்னு அப்பா வாக்குக் குடுத்திருக்கார்டி" என்றும் சொன்னாள். இதை ஏன் நான் நீலச் சட்டைக்காரரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா. தண்ணீர் பாட்டில் நிறைந்து கையில் வழிந்துகொண்டிருந்தது, பெரியவர் ஒருவர் கேட்டால் வாயில் வருவது வந்துவிடுகிறது, அதற்கு அர்த்தம் தேடினால் எல்லாவற்றுக்கும் அர்த்தம் தேட வேண்டும். மூன்று பேரை எடுத்தார்கள். என் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை. மறுநாள் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, ஆபீஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், நிக்காத பொண்ணுங்களை எடுக்க மாட்டாங்களாம், மாப்பிள்ளை பாக்குறத உன் ஃப்ரெண்டே சொல்லிட்டாளாம் என்று. அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி அன்றைக்கே முடிந்திருக்கும். வகுப்பில் என் பக்கத்து இடத்திலிருந்து பையை எடுத்துக்கொண்டு மூன்று வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். தெரிந்து சொன்னேனா தெரியாமல் சொன்னேனா. தெரியாமல்தான். தெரியாமல்தான் என்றால் ஏன் தினமும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருபத்திரண்டு. இருபத்திரண்டா இருபத்தொன்றா. எண்ணிக்கை விட்டுப் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து.

வியர்வை கண்ணில் இறங்குகிறது. சித்திரை மாத மதுரை வெயில், லேபில் மின்விசிறி ஓடினால் துணி பறக்கும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். பொம்மைக்குப் போட்டு ஆட்டியபோது முந்தாநாள் வரைக்கும் ஒழுங்காக ஓடியது, ஒன்று பின் ஒன்றாக, அவள் சொன்னமாதிரியே. பொம்மையைச் சக்கரத்தோடு லேப் முழுக்கத் தள்ளிக்கொண்டு போனேன், தனியாகச் சிரித்தேன். ஆனால் குழுவில் ஒருத்தி போட்டு நடந்து காட்டினால்தான் மார்க். அதற்காக அவளிடம் போய் நிற்க என்னால் முடியவில்லை. நேற்றுக் காலை கதவைச் சாத்திக்கொண்டு நானே போட்டுப் பார்த்தேன். முப்பத்தொன்று எப்படி இருபத்தாறரைக்குள் போகும். மூச்சை இழுத்துப் பிடித்து இடது பக்கத்து ஜிப்பை மேலே ஏற்ற, பாதியில் பல் விட்டு, பிளாஸ்டிக் ஜிப் வயிற்றோரமாகப் பிளந்தது. அந்தச் சத்தம். ஒரு ஆள் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை, யாரும் இல்லாத அறையில் அப்படி ஒரு சத்தம் கேட்பது இன்னும் அசிங்கம். டிராயரில் வேறு ஜிப் ஒன்றுதான் இருந்தது, யாரோ ஜீன்ஸுக்கு வாங்கிய பித்தளை ஜிப். அதை வைத்துத் தைத்தேன், பிளந்ததை விட இது உறுதி என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு வேறு வழி இல்லாமல் மேடத்திடம் போய்ச் சொன்னேன், மேடம் அவளிடம் சொன்னார், அவள் இன்று காலை வந்து, வணக்கம்கூட இல்லாமல், திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். ஊசி குத்தின இடமெல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, உடனே அதை விழுங்கினேன்.

"இன்னொரு தடவ நடக்கலாம்." நடக்கிறாள். அணைகிறது. "திரும்ப வரலாம்." வருகிறாள். வந்து நின்று அரை நிமிஷம் கழித்து லேசாக அசைந்தால் விளக்குகள் தானாகவே பிழைத்துக்கொள்கின்றன, ஒன்றும் நடக்காத மாதிரி. இது எவ்வளவு திமிர். என்னிடம் பேசாத எல்லாரும் இப்படித்தான் இருக்கிறார்கள். நான் விளக்கை நம்பவில்லை, நூலை நம்பவில்லை, அவள் எழுதிய கணக்கைச் சந்தேகப்படுகிறேன். ஒரு வேளை அவள்தான் ஏதாவது மாற்றி வைத்திருக்கிறாளோ. கோபத்தில். என் வேலை போகட்டும் என்று. டிப்ளமோ கைக்கு வந்தால்தான் ஜூனில் சேர முடியும், அது அவளுக்குத் தெரியும். சீ, அவள் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. ஆனால் நான் செய்கிற ஆளா. இதைப் பார், மறுபடி அங்கேயே வந்துவிட்டது. அவள் எடையை வலது காலுக்கு மாற்றுகிறாள். அவசரம். இந்த இடத்தில் என்னோடு நிற்பதே அவளுக்கு எரிச்சல். கால் மணி நேரமாகவே அப்படித்தான், இடது காலை ஊன்றாமல், உடம்பை ஒரு பக்கமாக வளைத்து, பஸ் ஸ்டாண்டில் வராத பஸ்ஸுக்கு நிற்கிறமாதிரி. அயர்ன் டேபிளைப் பிடித்திருக்கும் கையில் நகம் வெளுத்திருக்கிறது. இவ்வளவு வெறுப்பா. நேராக நின்றால்தானே நூல் நேராக நிற்கும். "நேரா நிக்கலாம்" என்கிறேன், கொஞ்சம் சூடாகவே. அவள் நேராக நிற்கிறாள். மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்கிறது. முப்பத்து நாலு, முப்பத்தைந்து, முப்பத்தாறு. பீப், பீப், பீப். விளிம்பில் ஒரு தப்பும் இல்லை. அப்படியென்றால் தப்பு மேலே இருக்கிறது, நூல் புறப்படும் இடத்தில், இடுப்பில். எழுந்திருக்கிறேன், முட்டி மரத்துப் போயிருக்கிறது, முன்பென்றால் அவள் தோளைப் பிடித்திருப்பேன், இப்போது அயர்ன் டேபிளைப் பிடித்து எழுகிறேன். அப்போதுதான் அந்த வாசம் வருகிறது. துணி தீயும்போது வரும் வாசம், பிளாஸ்டிக்கும் முடியும் கலந்தமாதிரி. அயர்ன் பாக்ஸை யாராவது அணைக்காமல் போய்விட்டார்களா என்று முதலில் பார்க்கிறேன். அது ஜில்லென்று இருக்கிறது.

பேட்டரிப் பை இடது இடுப்பில், ஜிப்பை ஒட்டி. பேட்டரியிலிருந்து இரண்டு நூல் கிளம்புகிறது, மின்சாரம் போகிற நூல் ஜிப்பின் இந்தப் பக்கம், திரும்பி வருகிற நூல் அந்தப் பக்கம். இரண்டும் எங்கேயும் தொடக்கூடாது, தொட்டால் விளக்குக்குப் போகாமல் அங்கேயே சுற்றிச் சூடாகும், இதுதான் எங்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். நடுவில் இருந்தது பிளாஸ்டிக் ஜிப். இப்போது இருப்பது பித்தளை. நடக்கும்போது இடுப்பு மடங்கி, ஜிப் நெளிந்து, இரண்டு நூலையும் ஒன்றாகத் தொடுகிறது. கண்டுபிடித்துவிட்டேன். என்ன ஒரு நிம்மதி, அரை விநாடி, நெஞ்சில் பனிக்கட்டி வைத்தமாதிரி. கையை நீட்டி ஜிப்பை இறக்குகிறேன். விரலில் சுடுகிறது. உள்ளே லைனிங் துணி பழுப்பேறி, ஒரு இடத்தில் உருகிச் சுருண்டிருக்கிறது. "ஐயோ லைனிங்கு" என்கிறேன். இதை நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். லைனிங் போச்சு, மாற்ற நேரமில்லை, கறுப்பு சாட்டின் அலமாரியில் இருக்கிறதா, ஒட்டுப் போட்டால் வெளியே தெரியாது, இவ்வளவும் என் தலைக்குள் ஓடி முடிந்த பிறகுதான் அந்த உருகின துணிக்குப் பின்னால் இருக்கும் தோலைப் பார்க்கிறேன். ஜிப்பின் பல் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிந்திருக்கிறது, சிவப்பாக, சின்ன ஏணி மாதிரி, நாலு விரல் நீளத்துக்கு. மேல் பக்கம் ஒரு இடத்தில் கொப்புளம் எழும்பத் தொடங்கியிருக்கிறது. தலையைத் தூக்குகிறேன். நாலு மாதத்தில் முதல் தடவையாக அவள் நேராக என் கண்ணைப் பார்க்கிறாள். நான் லைனிங்கு என்று சொன்னதைக் கேட்டுவிட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கேள்விக்கு விடை கிடைத்துவிட்ட முகம். அது எனக்கும்தான் கிடைத்தது. முதலில் துணி, பிறகுதான் தோல். வராந்தாவில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தபோதும் இதே வரிசைதான். நீலச் சட்டைக்காரர் 'நல்லா பண்ணியிருக்கு' என்று அவளைச் சொன்ன அந்த விநாடி, மூன்று இடம் ஐந்து பேர் என்று என் தலைக்குள் ஒன்று ஓடியது, அதன் பிறகுதான் வாய் திறந்தது. ஓடியது. அதை நான் நாலு மாதமாக வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பேட்டரியைப் பிடுங்குகிறேன். தட்டையாக இருந்தது கொஞ்சம் உப்பியிருக்கிறது. மூலையில் தீயணைக்க வைத்திருக்கும் மணல் வாளிக்குள், யாரோ சீவிப் போட்ட பென்சில் தூளுக்கு மேல், அதைப் போட்டு மணலைத் தள்ளுகிறேன். அவள் திரைக்குப் பின்னால் போய் உடையைக் கழற்றித் திரைக்கு மேலாகத் தூக்கிப் போடுகிறாள், அது அயர்ன் டேபிளில் வந்து விழுகிறது. முதலுதவிப் பெட்டி பூட்டியிருக்கிறது. சாவி அட்டெண்டரிடம், அட்டெண்டர் சாப்பாட்டில். பூட்டைப் பிடித்து இரண்டு தடவை ஆட்டுகிறேன், ஆட்டினால் திறக்கும் என்பது போல. என் கைக்குட்டையைக் குழாயில் நனைத்துத் திரையின் இடைவெளியில் நீட்டுகிறேன். வாங்கிக்கொள்கிறாள். "எவ்வளவு நேரமாச் சுட்டுச்சு?" அவள் கைக்குட்டையைப் பிழிகிற சத்தம் கேட்கிறது. "எவ்வளவு நேரமாடி?" 'டி' தானாக வந்து விழுந்துவிட்டது. "முதல் தடவ நடந்ததுலருந்து" என்கிறாள் திரைக்குள்ளிருந்து. "சொல்லியிருக்கலாம்ல." குழாய் சொட்டுகிறது. "சொன்னா பேசணும்ல" என்கிறாள். நான் தரையில் உட்கார்ந்துவிடுகிறேன், அதே இடத்தில், முட்டியின் வியர்வைத் தடம் இன்னும் காயாத சிமெண்டில். திரையைப் பார்த்துக்கொண்டு சொல்வது சுலபமாக இருக்கிறது. "தெரிஞ்சுதான் சொன்னேன். அந்த ஆள்கிட்ட. தெரியாம வாய்ல வந்துருச்சுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். இல்ல. தெரிஞ்சுதான்." "எனக்குத் தெரியும்" என்கிறாள். "உனக்குத் தெரியாதுன்னுதான் பயந்தேன். தெரியாமயே நீ கம்பெனிக்குப் போயி, நல்ல பிள்ளையா இருந்துருவியோன்னு." சுடிதாரின் இடது பக்கத்தை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறாள். "மன்னிப்புக் கேக்காத. கேட்டா நான் பதில் சொல்லணும், எங்கிட்ட இல்ல." நான் கேட்கத்தான் வாயைத் திறந்திருந்தேன். மூடிக்கொள்கிறேன். கேட்டிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். அதுகூடக் கிடைக்கவில்லை என்று ஒரு எரிச்சல் வருகிறது, அந்த எரிச்சல் வந்ததற்காக இன்னொரு எரிச்சல் வருகிறது, ஒன்றின் மேல் ஒன்று, பிரிக்கவே முடியாத சிக்கல் நூல்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே எக்ஸ்டெர்னல் வந்துவிடுகிறார், கண்ணாடி போட்ட ஒரு அம்மா, சேலம் பக்கத்துக் கல்லூரி, பின்னால் ஹேமலதா மேடம் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு. பித்தளை ஜிப்பைப் பிளேடால் அறுத்து எடுத்துவிட்டு, உடையைப் பொம்மைக்கு மாட்டி, பேட்டரிக்குப் பதில் லேப்டாப்பிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கொடுத்திருக்கிறேன். பொன்மாரி பொம்மையைப் பிடித்து லேசாகத் தள்ளுகிறாள். விளக்குகள் ஒன்றன் பின் ஒன்றாக ஓடுகின்றன. பகல் வெளிச்சத்தில் பாதிகூடத் தெரியவில்லை. "ஆள் போட்டு நடந்து காட்டலையா?" என்கிறார் அந்த அம்மா. ஹேமலதா மேடம் முந்திக்கொள்கிறார், "அந்தப் பொண்ணுக்குக் காலையிலருந்து உடம்பு சரியில்ல மேடம், ஜுரம்." அந்த அம்மா பேனாவை எடுக்கிறார். அது போதும், அது நல்ல பொய், யாருக்கும் நஷ்டமில்லாத பொய், நாற்பது மார்க் வந்துவிடும், ஜூனில் கரூர் பஸ் ஏறிவிடலாம். பொன்மாரி பொம்மையைத் தள்ளுவதை நிறுத்திவிட்டாள். நின்றதும் விளக்குகள் அணைகின்றன, ரிப்போர்ட்டில் சொன்னபடி, ஒழுங்காக. "ஜுரம் இல்ல மேடம்" என்கிறேன். என் குரல் எனக்கே அந்நியமாக, மேடை ஏறாதவள் மேடையில் பேசுகிறமாதிரி. "நான் நேத்து ஜிப்ப மாத்தினேன். பித்தளை. ரெண்டு லைனும் அதுல தொட்டுச் சூடாயிருக்கு. போட்டிருந்தவளுக்கு இடுப்புல சுட்டுருச்சு. நான் ஒரு மணி நேரமா விளிம்பையே பாத்துட்டு இருந்தேன், அவள ஒரு வார்த்த கேக்கல." ஹேமலதா மேடத்தின் கோத்த கை பிரிகிறது. அந்த அம்மா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்க்கிறார், பிறகு பொன்மாரியை, பிறகு அட்டையில் இருக்கும் தங்க எழுத்தை. "பாதுகாப்பு ஆடைன்னு போட்டிருக்கீங்க" என்கிறார். கிண்டல் இல்லை, படித்துச் சொல்கிறார். "இப்படியே பாஸ் போட முடியாதும்மா. சரி பண்ணி, ஆள் போட்டு நடந்து காட்டுங்க. இன்னிக்கு நடந்ததையும் ரிப்போர்ட்ல எழுதணும், ஒரு பக்கம். இருபத்தேழாந் தேதி நான் இந்தப் பக்கம் மறுபடி வரேன்." பொன்மாரி பேசுகிறாள், "இருபத்தேழு வேணாம் மேடம். இருபத்தெட்டு வச்சுக்கலாமா?" ஏன் என்று அந்த அம்மா கேட்கவில்லை, சரி என்று எழுதிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போகிறார். ஹேமலதா மேடம் போகும்போது என் காதோரம், "ஒன்ன யாரும்மா கேட்டா?" என்கிறார். நியாயமான கேள்வி.

வயரைச் சுருட்டுகிறேன். சரியாகச் சுருட்ட வரவில்லை, மறுபடி பிரித்துச் சுருட்டுகிறேன். பாஸ் இல்லை. இரண்டு வாரம். அதற்குள் இரண்டு நூலையும் வேறு வேறு தடத்தில் ஓட்ட வேண்டும், இடுப்புத் துணியையே புதிதாக வெட்ட வேண்டும், பேட்டரி வாங்க வேண்டும், மறுபடி முப்பத்தாறு முடிச்சு. கம்பெனிக்கு என்ன சொல்வது. உண்மை சொன்னால் நெஞ்சு லேசாகும் என்று யார் கிளப்பிவிட்டது. "இருபத்தேழு என்ன?" என்று கேட்கிறேன், தெரிந்துகொண்டே. "பாக்க வராங்க" என்கிறாள். "சிமெண்ட் கம்பெனில வேலையாம். அப்பாவுக்குப் பிடிச்சிருக்கு." உனக்கு என்று கேட்க வேண்டும். அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்பதும் தெரியும், ஆனால் உரிமை வரட்டும் என்று காத்திருந்தால் எதையும் கேட்க முடியாது. அதைக் கேட்கவில்லை. அவள் பையைத் தோளில் மாட்டப் போய், அது இடது இடுப்பில் உரச, சட்டென்று கழற்றி வலது தோளுக்கு மாற்றுகிறாள். ஜன்னலுக்கு வெளியே மற்ற வகுப்புக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு வருகிற சத்தம், டிபன் பாக்ஸ் சத்தம், யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். "வலிக்குதா?" என்று கேட்கிறேன். இதை எப்போதோ கேட்டிருக்க வேண்டும், எத்தனையோ தடவை. இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா என்று அவளும் யோசிப்பது தெரிகிறது.

"வலிக்குது" என்கிறாள்.

கைக்குட்டையை நீட்டுகிறாள். காய்ந்து, உடம்புச் சூடு ஏறியிருக்கிறது. வாங்கிக் குழாயடிக்குப் போகிறேன். வெயில் நேரம், குழாயில் முதலில் வெந்நீர்தான் வருகிறது. தண்ணீர் குளிர்ந்து வரும்வரை விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.